ஐந்து பேர், ஒரு இரவு, 15,000 ரூபா: கடற்கரையில முதல்தரம் கூடாரம் அடிக்க என்ன வேணும்?

முதல்பயணி:

வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கத்தில இருந்து நாங்கள் ஐந்து பேர். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெளிக்கிட்டு, கடற்கரையில ஒரு இரவு தங்கி, ஞாயிறு மத்தியானத்துக்குள்ள வீடு திரும்புறது எண்டு யோசினை. ஒருத்தரும் இதுக்கு முன்னம் வெளியில கூடாரம் அடிச்சுப் படுத்ததில்லை. ஆளுக்கு 3,000 ரூபா, எல்லாமாய்ச் சேர்த்து 15,000. பெற்றோல், சாப்பாடு, சாமான் எல்லாம் இதுக்குள்ள முடியவேணும். மோட்டச்சைக்கிள் ரெண்டு இருக்கு. அஞ்சாவது ஆள் பஸ்ஸில வருவார்.

கேக்க இருக்கிறது நாலு விஷயம். கசூரினா, சாட்டி, மணற்காடு, நெடுந்தீவு, இதில முதல்தரம் போறவைக்கு எது சரி? "நாலு பேருக்கு" எண்டு போட்டிருக்கிற கூடாரம் ஒண்டு வாங்கினால் ஐந்து பேர் நெருக்கிப் படுக்கலாமோ? அதை வாங்கினால் கையில இருக்கிற காசில பெரும்பகுதி போயிடும். மூண்டாவது, குளிருக்குப் படுக்கைப் பை தேவையோ? நாலாவது, இரவு ஒடியல் கூழ் (காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில மீன் போட்டுக் காய்ச்சுறது) காய்ச்ச எல்லாருக்கும் ஆசை. கரையில வைச்சுச் செய்யக்கூடிய வேலையோ அது?

வாடைக்காத்து:

தம்பிமார், கூடாரம் வாங்காதேங்கோ. காசைத் தறப்பாளிலயும் கயித்திலயும் தண்ணியிலயும் போடுங்கோ.

ஏனெண்டு சொல்றன். எங்கட பக்கம் மழை ஐப்பசியில தொடங்கி மார்கழியோட பெரும்பாலும் கொட்டி முடிஞ்சிடும். மாசியில உங்களைப் படுக்கவிடாமல் செய்யப்போறது மழை இல்லை. காத்தும் பனியும் மணலும்தான். மலிவாய்க் கிடைக்கிற ஒற்றைத் துணிக் கூடாரத்துக்குள்ள நாலு பேர் மூச்சுவிட்டால் அந்த ஈரம் துணியின்ர உள்பக்கம் படிஞ்சு, விடியக்காலை முகத்தில சொட்டும். வெளியில பனி, உள்ளுக்கு வேர்வை. "நாலு பேருக்கு" எண்டு போட்டிருக்கிறது அனேகமாய் 2 மீற்றருக்கு 2 மீற்றர் தரை. ஆளுக்கு 50 சென்ரிமீற்றர் வரும். பக்கம் மாறிப் படுக்க ஏலாது, பையை வைக்க இடமில்லை. அதுக்குள்ள வடிவாய்ப் படுக்கக்கூடியது ரெண்டு பேர், மிஞ்சினால் மூண்டு பேர். ஐந்து பேருக்கு வழியே இல்லை.

12 அடிக்கு 15 அடித் தறப்பாள் ஒண்டு எடுங்கோ. ஓரத்தில வளையம் அடிச்சதாய்ப் பாத்து எடுக்கவேணும். வீட்டில நெல்லு மூடினது, விறகு மூடினது இருந்தால் அதுவும் காணும். வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு ஓட்டை இருக்கோ எண்டு பாருங்கோ. 6 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 15 மீற்றர், அதைவிட மெல்லிசாய் இன்னொரு 20 மீற்றர். ரெண்டு மரத்துக்கு நடுவில நாலடி உயரத்தில தடிச்ச கயித்தை இழுத்துக் கட்டி, தறப்பாளின்ர 15 அடிப் பக்கம் கயிறு வழியே ஓடுற மாதிரிப் போட்டால் ரெண்டு பக்கமும் ஆறாறு அடி இறங்கும். உள்ளுக்குத் தரை 15 அடி நீளம், கிட்டத்தட்ட 9 அடி அகலம். கயித்துக்குக் குறுக்கே தலைவைச்சுப் படுத்தால் ஆளுக்கு ரெண்டடி வீதம் 10 அடி, மிச்ச 5 அடி சாமானுக்கு. வசதியான மரம் கிடைக்காமல் போகலாம். அதுக்காக அஞ்சடிக் கம்பு ரெண்டு சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்கோ.

மரத்தைத் தெரியேக்க மேலயும் ஒருக்காப் பாருங்கோ. தென்னைக்குக் கீழ வேண்டாம். பனைக்குக் கீழயும் வேண்டாம், காத்துக்குக் காவோலை விழும்.

காத்து எந்தப் பக்கத்தால வருதெண்டு கையில மணலை அள்ளி விட்டுப் பாருங்கோ. மாசியில அனேகமாய் வடகிழக்கால வரும். காத்துக்கு முகம் குடுக்கிறது தறப்பாளின்ர சரிஞ்ச பக்கமாய் இருக்கவேணும். அந்த விளிம்பை நிலத்தோட முட்டவிட்டு மேல மணல் போட்டு மூடுங்கோ. மற்றப் பக்கத்தை ஒரு அடி உயர்த்திவிட்டால் காத்தோட்டம் வரும். திறந்த வாய்ப்பக்கத்தைக் காத்துக்குக் காட்டினால் தறப்பாள் முழுக்க ஊதிப் பாய்மரம் மாதிரி நிக்கும். ஒரு மணித்தியாலத்தில வளையம் பிய்ஞ்சிடும்.

கீழ விரிக்கிற பொலித்தீன் மேல இருக்கிற தறப்பாளைவிடச் சின்னனாய் இருக்கவேணும். பெரிசாய் இருந்து வெளியில நீட்டிக்கொண்டு நிண்டால் வழிஞ்சு விழுற பனித்தண்ணி எல்லாம் அதில ஏறி உங்கட முதுகுக்குக் கீழதான் வரும். அதுக்கு மேல பன்னோலைப் பாய்.

படுக்கைப் பை வேண்டாம். மாசி இரவு 22, 23 பாகைக்குக் கீழ பெரிசாய் இறங்காது. ஒரு போர்வை, ஒரு சாரம், தலைக்குக் கட்ட ஒரு துவாய். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" எண்டு சும்மா சொல்லேல்லை. மேல மூடாமல் வெளியில படுத்தால் விடிய உடுப்புப் பிழியலாம், அவ்வளவுதான். மூடிக்கொண்டால் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை.

இடம். மாசிக்கு நான் சாட்டியைத்தான் சொல்லுவன். தெற்குப் பக்கம் பாத்த கரை, வாடை (வடகிழக்குக் காத்து) நேரே முகத்தில அடியாது. அதே கரை வைகாசிக்குப் பிறகு சோழகத்துக்கு (தென்மேற்குக் காத்துக்கு) சரிவராது, அப்ப வேற இடம் பாக்கவேணும். அடுத்தது கசூரினா. சவுக்கு மரம் கனக்க, கடல் கனதூரத்துக்கு ஆழமில்லை, பிரதேச சபை பாக்கிற இடம். சவுக்கம் சருகு படுக்க மெத்தை மாதிரி, ஆனால் ஒரு பொறி பட்டால் காணும், அதுக்குப் பக்கத்தில அடுப்பு மூட்டாதேங்கோ. மணற்காடு வடிவுதான், அந்த மணல் மேடும் மணலுக்குள்ள புதைஞ்ச பழைய தேவாலயமும் பாக்கவேண்டிய இடம், ஆனால் கிழக்குக் கரை. காத்தும் அலையும் நேரே. பகலில ஒருநாள் போய்ப் பாத்துவிட்டு வாங்கோ, ராத்தங்கல் ரெண்டாம் மூண்டாம் பயணத்துக்கு. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானால ஒரு மணித்தியாலம் படகில போகவேணும். கடல் கொந்தளிச்சால் படகு ஓடாது, நீங்கள் திங்கட்கிழமையும் அங்கதான்.

கரையில எவ்வளவு தூரத்தில அடிக்கிறதெண்டு குழம்பத் தேவையில்லை. காய்ஞ்ச சாதாளை (கடல்புல்லு) ஒரு கோடாய் ஒதுங்கிக் கிடக்கும், கடல் அதுவரைக்கும் வந்துபோறதெண்டு அர்த்தம். அதுக்கு மேல அடம்பன் கொடி படர்ந்திருக்கிற இடம் தொடங்கும். அந்தக் கொடிக்கும் பின்னால போங்கோ. இராவணன் மீசை எண்ட முள்ளுப்புல்லு நிக்கிற இடத்தில மட்டும் விரிக்காதேங்கோ, ஊசி மாதிரிப் பொலித்தீனைத் துளைச்சுக்கொண்டு முதுகில ஏறும்.

ஊமல்:

கூழ் தாராளமாய்ச் செய்யலாம். சொல்லப்போனால் கரைக்கு அதைவிடத் தோதான சாப்பாடு இல்லை. ஒரு பானை, ஒரு அகப்பை, வேற கறி தேவையில்லை. குடிக்கப் பனையோலையில பிளா கோலிக்கொண்டு போனால் கோப்பை கழுவுற வேலையும் இல்லை, பிளாஸ்ரிக் குப்பையும் இல்லை. ஓலையை முதல்நாளே வெட்டி ஈரத்துணியில சுத்தி வையுங்கோ. காய்ஞ்ச ஓலை மடிக்கேக்க வெடிச்சு ஒழுகும். ஆளுக்கு ரெண்டு வீதம் பத்துப் பிளா.

ஐந்து பேருக்கு: ஒடியல் மா 200 கிராம், மீன் அரைக் கிலோ தலையோட, நண்டு மூண்டு, இறால் 200 கிராம், மரவள்ளிக்கிழங்கு கால் கிலோ, பயிற்றங்காய் 150 கிராம், பலாக்கொட்டை பதினைஞ்சு, அரிசி ஒரு கைப்பிடி, செத்தல் மிளகாய் பத்து, மஞ்சள், ஒரு தேசிக்காய் அளவு புளி, உப்பு, கடைசியாய்ப் போட முருங்கை இலை. தண்ணி 3 லீற்றர். பானை 8 லீற்றருக்குக் குறையக்கூடாது, கிண்டேக்க வெளியில தள்ளும். காசு காணாட்டி நண்டை விடுங்கோ, மீன் தலையை விடாதேங்கோ. ருசி அதிலதான்.

மிளகாயும் மஞ்சளும் வீட்டிலயே அரைச்சு உருட்டிக்கொண்டு போங்கோ. பலாக்கொட்டை தோல் உரிச்சு, கிழங்கு வெட்டி எல்லாம் வீட்டில. கரையில செய்யவேண்டிய முதல் வேலை மாவை ஒரு லீற்றர் தண்ணியில ஊறவிடுறது. மா அடியில படிஞ்ச பிறகு மேல் தண்ணியை வடிச்சு ஊத்தி, புதுத் தண்ணி விட்டு இன்னொருக்காலும் அப்பிடிச் செய்யுங்கோ. இதைச் செய்யாமல் விட்டால் கூழ் கைக்கும், பிறகு என்ன போட்டாலும் சரிவராது.

தண்ணி கொதிக்க அரிசி, பலாக்கொட்டை, கிழங்கு, பயிற்றங்காய். அது பாதி அவிய மீன், நண்டு, இறால். எல்லாம் அவிஞ்ச பிறகு மிளகாய்க் கூட்டு, புளி, உப்பு. அதுக்குப் பிறகு நெருப்பைக் குறைச்சு, ஊறின மாவைக் கஞ்சி மாதிரிக் கரைச்சு, ஒருத்தர் மெல்லிசாய் ஊத்த மற்றவர் கைவிடாமல் கிண்டவேணும். கொதி தூக்கி நிக்கேக்க ஊத்தினால் கட்டி கட்டியாய்ப் போயிடும். மா விழுந்த பிறகு பத்து நிமிசம், அடிப்பிடிக்கிறது அந்த நேரத்திலதான். கூழ் ஆறேக்க இன்னும் தடிக்கும், அதனால கொஞ்சம் தண்ணியாய் இருக்கேக்கயே இறக்குங்கோ.

இனி அடுப்பு. கரையில கிடக்கிற முருகைக் கல்லை அடுக்கி மூட்டாதேங்கோ. அதின்ர துளைக்குள்ள தண்ணி இருக்கும், சூடேற ஆவி போக வழியில்லாமல் கல் வெடிச்சுத் தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து. வீட்டில இருந்து மூண்டு செங்கல்லு கொண்டுபோறது பாரம் எண்டாலும் அதுதான் சரி. மணலில ஒரு சாண் பள்ளம் தோண்டிச் செங்கல்லை அதுக்குள்ள வைச்சால் காத்து நெருப்பைக் கலைக்காது.

விறகுக்குக் காசு செலவழிக்கிறது வீண். எங்கட வளவுக்குள்ள கிடக்கிறதே போதும். பன்னாடை (மட்டையின்ர அடியில இருக்கிற வலை மாதிரி நார்) ரெண்டு மூண்டு, அது நெருப்புக்குச்சியிலயே பத்தும். அதுக்கு மேல காய்ஞ்ச தென்னோலை, கொக்கரை. அது பிடிச்சதும் சிரட்டை பத்துப் பன்னிரண்டு, கெதியாய்க் கொதி வரும். கொதிச்ச பிறகு பொச்சுமட்டையும் (தேங்காய் மட்டை) ஊமலும் (கிழங்கு எடுத்த பனங்கொட்டைக் கோது). ஊமல் பிடிக்கக் கொஞ்சம் சுணங்கும், பிடிச்சால் சுவாலை இல்லாமல் தணலாய் நிண்டெரியும், கூழுக்கு வேண்டியது அந்தச் சூடுதான். ஒரு உரப்பை நிறைய ஊமலும் பொச்சும் இரவுக்கும் காலமைத் தேத்தண்ணிக்கும் காணும். எல்லாம் பொலித்தீனால மூடி வையுங்கோ. பனி பட்ட பன்னாடை புகைக்குமே ஒழிய எரியாது.

அணைக்கேக்க மணலைப் போட்டு மூடாதேங்கோ. மணலுக்குக் கீழ தணல் விடியும்வரை சூடாய் இருக்கும், வெறுங்காலோட மிதிக்கிறவருக்குக் கால் அவிஞ்சிடும். கடல் தண்ணி ரெண்டு வாளி ஊத்திக் கிளறி, திருப்பியும் ஊத்துங்கோ.

காலமைச் சாப்பாட்டுக்குப் பாண், வாழைப்பழம், கோதோட அவிச்ச முட்டை. தேங்காய்ப்பூப் போட்ட புட்டோ பால் விட்ட கறியோ முதல்நாள் செய்து கொண்டுபோனால் விடிய ஊசிப்போயிடும். கொறிக்கப் புழுக்கொடியல் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு).

தண்ணிக் கணக்கு: குடிக்க ஆளுக்கு 3 லீற்றர், அது 15. சமையலுக்கு 8. முகம் கை கழுவ 7. மொத்தம் 30 லீற்றர். கரையோரக் கிணறு அனேகமாய் உவர், அதை நம்பிப் போகாதேங்கோ. பானை சட்டியை முதலில கடல் தண்ணியும் மணலும் போட்டுத் தேய்ச்சு, கடைசியில மட்டும் நல்ல தண்ணி. 20 லீற்றர்க் கலன் ஒண்டு 20 கிலோ, மணலில தூக்கேலாது. 5 லீற்றர்ப் போத்தல் ஆறாய்ப் பிரியுங்கோ. ஒரு மோட்டச்சைக்கிள் ஆக்களை இறக்கிவிட்டு ரெண்டாம்தரம் திரும்பிப் போய்ப் பக்கத்துச் சந்தியில தண்ணி ஏத்தி வரட்டும்.

சாதாளை:

மேலே இருவரும் சொன்னது எல்லாம் சரி. அவர்கள் தொடாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. ஒரு கிழமைக்கு முன்னமே அந்தப் பிரதேச சபைக்குப் போய், இரவு தங்கலாமா, மலசலகூடம் இரவில் திறந்திருக்குமா என்று இரண்டையும் கேளுங்கள். கிராம அலுவலரிடமும் பொலிஸிலும் எத்தனை பேர், எந்த இரவு என்று சொல்லி வையுங்கள். ஐந்து பேரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கரையோரம் முழுக்கக் கடற்படை ரோந்து வரும், முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதி இரவில் எழுப்பிக் கேள்வி கேட்கிற தொல்லை குறையும். சுண்டிக்குளம் போகலாமே என்று யாராவது சொன்னால், அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே தங்க முடியாது.

கரையில் வாடி (மீனவர் தங்கும் கொட்டில்) இருந்தால் அங்கே இருக்கிற தொழிலாளிகளிடம் போய்க் கேட்டுவிட்டே இடம் பிடியுங்கள். கரைவலை இழுக்கிற பாட்டில் (அதற்கென்று ஒதுக்கின கரைத்துண்டில்) கூடாரம் போட்டால் விடியற்புறம் அவர்களுடைய தொழில் கெடும். வலை இழுக்க உழவு மிசின் வருகிற இடத்தில் நித்திரை கொள்வது உங்களுக்கும் ஆபத்து. காய்கிற வலையில் மிதிக்கவேண்டாம், வள்ளத்தில் ஏறி இருந்து படம் எடுக்கவேண்டாம். கேட்டுப் போனால் எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், எங்கே கல் இருக்கிறது என்று அவர்களே சொல்லித் தருவார்கள். கூழுக்கு வேண்டிய மீனையும் அவர்களிடமே வாங்கலாம். பொழுது பட்ட பிறகு ஒருவரும் கடலில் இறங்கக்கூடாது, முழங்கால் தண்ணி என்றாலும்.

மிதிவெடி. கசூரினாவிலும் சாட்டியிலும் ஆட்கள் நாளாந்தம் புழங்குகிறார்கள். ஆனால் நாகர்கோவில், முகமாலை பக்கம் சிவப்பில் மண்டையோடு போட்ட பலகை நிற்கிற காணிக்குள் ஒரு அடிகூட வைக்காதீர்கள். எங்கே போனாலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகிப் பற்றைக்குள் விறகு பொறுக்கப் போகவேண்டாம். வெளியில் தெரிகிற எந்த இரும்பையும் தொடாமல், கண்ட இடத்தை அடையாளம் வைத்து பொலிஸ் அவசர இலக்கம் 119க்குச் சொல்லுங்கள். மலசலகூடம் உள்ள இடத்தையே தெரிவு செய்யச் சொல்வதற்கும் இது ஒரு காரணம். பற்றைக்குள் போய்க் குழி தோண்டுகிற பழக்கம் நம்முடைய மண்ணுக்குப் பொருந்தாது. நிலத்தடி நீரும் இங்கே மேலேயே இருக்கிறது, பக்கத்துக் கிணற்றுக்கும் கேடு.

பாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நிலத்தில் படுக்கிறவருக்கு முக்கியமாகப் பயப்படவேண்டியது கட்டுவிரியன். அது இரவில்தான் நடமாடும், நித்திரையில் இருக்கிறவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமலே இருக்கலாம். விடிய எழும்பி "வயிறு வலிக்குது", "கண் இமை தூக்கேலாமல் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி இருந்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. ஆகவே நுளம்பு வலை நுளம்புக்கு மட்டும் இல்லை. வீட்டில் இருக்கிற பெரிய வலை இரண்டை மேல் கயிற்றில் தொங்கவிட்டு, விளிம்பைச் சுற்றிவரப் பாய்க்குக் கீழே ஒரு சாண் உள்ளுக்குச் செருகுங்கள். வலை சும்மா தொங்கினால் பயனில்லை. நுளம்புத்திரியைத் தறப்பாளுக்குள் கொளுத்தவேண்டாம். வெளியில், காத்து வருகிற பக்கம், ஒரு சிரட்டைக்குள் வையுங்கள். அரிக்கன் லாம்பும் வெளியில்தான்.

புடையன், சுருட்டை என்ற பாம்புகள் ஆள் நடக்கையில் கடிக்கும். அதற்கு மருந்து ரோச் லைற்றும் மூடின சப்பாத்தும். இரவில் இரண்டு அடி நடப்பதென்றாலும் இரண்டும் வேண்டும். சப்பாத்தைக் காலையில் தட்டி உதறிப் போடுங்கள். சாப்பாட்டு மிச்சத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

கடித்தால் கயிறு கட்டவேண்டாம், கீறவேண்டாம், வாய் வைத்து உறிஞ்சவேண்டாம், பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ ஒரு கம்போடு சேர்த்துத் துணியால் சுற்றி அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். அம்புலன்சுக்கு 1990, காசு இல்லை. சுணங்கும் என்றால் ஓட்டோவில் யாழ். போதனா வைத்தியசாலைக்கு.

மருந்துப் பையில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்பு) பக்கற் நான்கு, பரசிற்றமோல், காயத்துக்குப் பிளாஸ்ரர், ஒரு நீளத் துணி. வேறு ஒன்றும் பெரிதாகத் தேவையில்லை.

முதல்பயணி:

அண்ணை, அக்கா, எல்லாருக்கும் நன்றி. சாட்டி எண்டு முடிவெடுத்தாச்சு, திங்கக்கிழமை பிரதேச சபைக்குப் போறம். இன்னும் ரெண்டு கேள்வி. மணலில முளை நிக்காது எண்டு எல்லாரும் சொல்லீனம். அப்ப பக்கக் கயித்தை எதில கட்டுறது? மற்றது, 15,000ஐ எப்பிடிப் பிரிக்கிறது?

வாடைக்காத்து:

முளையே வேண்டாம். வெறும் அரிசிப் பை, 5 கிலோ அளவு, ஆறு எடுங்கோ. ஒவ்வொண்டிலயும் முக்கால்வாசி மணல் போட்டு வாயைக் கட்டி, பையின்ர இடுப்பில கயித்தைச் சுத்தி முடியுங்கோ. ஒண்டரை அடி ஆழத்துக்குக் குழி. தோண்டினால் கீழ ஈரமணல் வரும், அதுதான் பிடிச்சு வைச்சிருக்கும். பையைக் குறுக்காய்ப் படுக்கவைச்சு, கயிறு தறப்பாள் பக்கம் சரிஞ்சு வெளியில வர ஒரு சின்ன வாய்க்கால் கீறிவிடுங்கோ. கயிறு செங்குத்தாய் மேல வந்தால் பை கிளம்பிடும். மணலைத் தள்ளி, காலால மிதிச்சு, அரை வாளி கடல் தண்ணி ஊத்தித் திருப்பி மிதியுங்கோ. பிறகு இழுத்துப் பாருங்கோ, ஒரு ஆள் முழுப் பாரத்தோட இழுத்தும் அசையக்கூடாது. நைலோன் கயிறு வழுக்கும், ஒற்றை முடிச்சில விடாமல் ரெண்டாவது முடிச்சுப் போட்டு நுனியை ஒரு சாண் மிச்சம் விடுங்கோ. பனியில நனைஞ்சு கயிறு தளரும். படுக்கமுன்னம் ஒருக்கா, நடுச்சாமத்தில எழும்பினால் இன்னொருக்கா இறுக்குங்கோ.

மாசியில ஆறேகால் போல பொழுது படும். மூண்டரைக்குக் கரையில நிக்கவேணும். முதல்தரம் கட்டுறவைக்கு ரெண்டு மணித்தியாலம் பிடிக்கும், கூழுக்கு ஒண்டரை. இருட்டுக்குள்ள மரம் தேடுறது சரிவராது. அதனால முதல் கிழமை உங்கட வளவுக்குள்ளயே ஒருக்காக் கட்டி, ஒரு இரவு அதுக்குள்ளயே படுத்துப் பாருங்கோ. எந்தக் கயிறு கட்டை, எந்த வலை கிழிசல் எண்டு அங்க தெரிஞ்சால் கடை பக்கத்தில இருக்கு.

காசு: சாமானுக்கு 5,000க்கு மேல போகவிடாதேங்கோ, அதிலயும் தறப்பாளும் கயிறும் மட்டும்தான் புதுசு. பாய், வலை, போர்வை, பானை, செங்கல்லு, ஊமல் எல்லாம் அஞ்சு வீட்டில பிரிச்சு எழுதுங்கோ. சாப்பாடும் தண்ணியும் இன்னொரு 5,000. பெற்றோல், பஸ், ஏதும் கட்டணம் கேட்டால் குடுக்க 3,000. மிச்ச 2,000ஐ ஒருத்தர் தனிய வைச்சிருக்கவேணும், அது ஓட்டோவுக்கு. யாருக்கும் ஏலாமல் வந்தால் நடு இரவில கைநீட்டக் காசு வேணும்.

வெளிக்கிட முதல்நாள் வானிலை அறிக்கை கேளுங்கோ. வங்காள விரிகுடாவில தாழமுக்கம், கடற்றொழிலுக்குப் போகவேண்டாம் எண்டு சொன்னால் அடுத்த கிழமைக்குத் தள்ளுங்கோ. லேசான தூறல் எண்டால் பிரச்சினை இல்லை, உயர்த்தி வைச்ச பக்கத்தையும் நிலத்தோட இறக்கிவிட்டால் காணும்.

வந்ததும் தறப்பாளையும் கயித்தையும் நல்ல தண்ணியில அலசி, நிழலில காயவிட்டு மடிச்சு வையுங்கோ. உப்போட மடிச்சு வைச்சால் வளையம் எல்லாம் துருப்பிடிச்சு ஒரு வருசத்தில கையோட கழண்டு வரும்.